எருமை நிஜமான்னு கேக்குறாங்க, செஞ்சது யாருன்னு கேக்க மாட்டேங்கிறாங்க

படத்துக்கு மிருகம் செஞ்சு குடுக்குறது நம்ம தொழில். கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய நெல்லு குடோன் ஒன்னுதான் எங்க பட்டறை, இந்தப்பக்கம் பொள்ளாச்சி அந்தப்பக்கம் பாலக்காடு, அதனால தமிழ்ப் படக்காரங்களும் வருவாங்க மலையாளப் படக்காரங்களும் வருவாங்க. செட்ல எங்கள டம்மி பார்ட்டின்னுதான் கூப்பிடுவாங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்ககிட்டயும் நான் கேக்குறது ஒன்னே ஒன்னு, செய்யுறவங்க பேர டைட்டில்ல போடுங்க, அதையும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அக்ரிமென்ட்ல எழுதிருங்க.

2019ல வந்த ஜல்லிக்கட்டுங்கிற மலையாளப் படத்த பாத்திருப்பீங்க, ஊரே ஒரு எருமைய துரத்தும். அதுல நெறைய ஷாட்ல வர்றது கலை இயக்குநர் கோகுல்தாஸ் டீம் செஞ்ச அனிமட்ரானிக் எருமை, அதாவது உள்ள மோட்டார் வச்சு அசைய வைக்கிற பொம்மை. எங்க ஊர்ல படம் பாத்தவங்க பாதிப் பேரு நிஜ எருமைங்கிறாங்க, மீதிப் பேரு எல்லாம் சிஜி, கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு சண்டை போடுறாங்க, கைல செஞ்சிருப்பாங்கன்னு ஒருத்தர் வாய்லயும் வரல. வேலை நல்லா வந்துச்சுன்னா செஞ்சவன் இருக்குறதே தெரியாது. அதனாலதான் படம் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்னு விட்டீங்கன்னா யாரும் உங்கள தேட மாட்டாங்க.

இதுல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு காதையும் கண்ணையும் மட்டும் சொல்றேன். எருமை ரெண்டு காதையும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி ஆட்டாது, ஒன்னு முன்னாடி திரும்பும் இன்னொன்னு ஈ ஓட்டும், அதனால ரெண்டுக்கும் தனித்தனி சர்வோ, அதாவது சொன்ன அளவுக்கு மட்டும் திரும்புற சின்ன மோட்டார் போட்டு தனித்தனி ஆள் ரிமோட்ட பிடிக்கணும். கண்ணுல கருவிழி திரும்புறது ஒரு மோட்டார், இமைக்கு வேற மோட்டார், தல திரும்புறதுக்கு துளி முன்னாடி கண்ணு திரும்பணும், அது தப்பிச்சுன்னா பாக்குறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது ஆனா பொம்மைன்னு தெரிஞ்சிரும். மூச்சுக்கு கார் வைப்பர் மோட்டார்ல கேம்னு சொல்ற கோணல் சக்கரம் ஒன்ன மாட்டி விலாவ ஏத்தி இறக்குவோம், உதட்டுக்கு சைக்கிள் பிரேக் கேபிள். மேல சிலிக்கோன் ரப்பர் தோல். அது பிளாட்டினத்தால கெட்டியாகுற வகை சிலிக்கோனா இருந்தா லேடக்ஸ் கிளவுஸ் பட்ட இடமெல்லாம் செட்டாகாம பிசுபிசுன்னே நிக்கும், கந்தகம் கலந்த களிமண்ணுல சிலை புடிச்சு அதுமேலயே நேரா ஊத்துனாலும் அதே கதிதான். அப்புறம் ரோமம், ஊசியில ஒவ்வொன்னா குத்தணும், முதுகுல ஒரு திசை கழுத்துல ஒரு திசை, எங்க பட்டறையில இத செய்யுறது பக்கத்து ஊரு அக்காமாருங்க, அவங்க கை வேகமும் பொறுமையும் எனக்கு வராது. அவங்க பேரு எந்தப் படத்துலயும் வந்ததில்ல.

மழையில நனைஞ்சா என்னாகும்னு 1993ல வந்த ஜுராசிக் பார்க்க எடுத்தவங்களுக்கே தெரியும், எங்கள மாதிரியே மிருகம் செய்யுற ஸ்டான் வின்ஸ்டனோட ஆளுங்க செஞ்ச 40 அடி டைனோசரோட ஃபோம் ரப்பர் தோல் தண்ணிய குடிச்சு வெயிட் கூடி உதற ஆரம்பிச்சுது, டேக்குக்கு டேக் துண்டு வச்சு ஒத்தி எடுத்தாங்க. ஆனா அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் குடுத்தப்ப கம்ப்யூட்டர்ல செஞ்சவங்களோட சேந்து வின்ஸ்டனும் மேடை ஏறுனாரு. ஈ.டி. படத்துல வர்ற வேற்றுகிரக உயிர செஞ்ச கார்லோ ரம்பால்டியும் அப்படித்தான் வாங்குனாரு. நம்ம தேசிய விருதுல மேக்கப்புக்கு இருக்கு, கலை இயக்கத்துக்கு இருக்கு, எங்களுக்குன்னு தனியா ஒன்னும் இல்ல. சங்கத்துல சேரலாம்னாலும் உறுப்பினர் கார்டு ஆர்ட் கார்டா மேக்கப் கார்டான்னு குழப்பம், எது கெடச்சாலும் உதவியாளர்னுதான் பேரு.

தேவை என்னமோ கூடிக்கிட்டேதான் போகுது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், காளை இதையெல்லாம் பழக்கி வித்தை காட்ட வைக்கக் கூடாதுன்னு மிருகவதைத் தடைச் சட்டத்துல தடை இருக்கு, மத்த மிருகத்த நடிக்க வைக்கவும் விலங்குகள் நல வாரியத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கோயில்லயும் இப்ப அப்படித்தான், 2023ல திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கோயில்ல 800 கிலோ எந்திர யானைய நடையிருத்துனாங்களே, அதாவது சாமிக்குக் காணிக்கையா விட்டாங்களே, அதக் குடுத்தது பீட்டா அமைப்புன்னு எல்லாருக்கும் தெரியும். செஞ்ச கைங்க யாருதுன்னு கேட்டுப் பாருங்க.

இன்னொன்னு, இது உயிர் சமாச்சாரம், புதுசா வர்ற பசங்க தயவுசெஞ்சு படிங்க. ஃபைபர் மோல்டு, அதாவது கண்ணாடி நார்ல அச்சு போடுறப்ப, ரெசின்ங்கிற பசைய இறுக வைக்க ஊத்துற ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரா ஒன்னோட ஒன்னு கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ரெசின்ல ஆக்ஸிலரேட்டர நல்லா கலக்கி முடிச்சப்புறம்தான் ஹார்டனர். அந்த ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சா பார்வையே போகும், கண்ணாடி போடாம டப்பாவ தொடாதீங்க, பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே தண்ணி விட்டு கழுவ ஆரம்பிச்சு கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஃபைபர் தேய்க்கிற தூசிக்கு கர்ச்சீப் போதாது, ஃபில்டர் வச்ச மாஸ்க் வேணும். அந்தச் செலவ கொட்டேஷன்லயே தனி வரியா போடுங்க, புரொடக்ஷன்காரங்க அந்த வரிய அடிச்சு எடுத்தாங்கன்னா வேலைய ஒத்துக்காதீங்க.

படம் எடுக்குறவங்களுக்கு, கதை ரெடியாகுறப்பவே கூப்பிடுங்க, ஷூட்டிங்குக்கு ரெண்டு வாரம் இருக்கப்ப புலி வேணும்னு வராதீங்க. எந்த ஷாட்ல எந்தப் பக்கம் தெரியும்னு முன்னாடியே சொன்னா பாதி செலவு மிச்சமாகும். ஒரு படத்துல நாங்க மாசக்கணக்கா உக்காந்து செஞ்ச மிருகத்த பேட்டியில முழுக்க சிஜின்னு சொன்னாங்க, எங்க பசங்க அத பட்டறையில உக்காந்து போன்ல பாத்துட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. அன்னைலருந்து என் அக்ரிமென்ட்ல மூணு வரி சேத்துருக்கேன்: டைட்டில்ல க்ரியேச்சர் டிசைன், அதாவது மிருக வடிவமைப்புன்னு தனி கார்டு, கூட வேலை செஞ்ச எல்லார் பேரும், மேக்கிங் வீடியோ எடுத்தா பட்டறையையும் எடுக்கணும். தனி கார்டு படத்தோட ஆரம்பத்துல வரணும்னும் எழுதிக்கிறேன், ஏன்னா ஓடிடியில கடைசிப் பேருங்க ஓட ஆரம்பிச்சதுமே அடுத்த படத்துக்குத் தாவிருது.