'தரம் 90' என்றால் எதில் 90?

மருத்துவமனை ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிஸ்க் நிரம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "ஜேபெக்ல தரம் 90 வெச்சு கம்ப்ரஸ் பண்ணிடலாமே சார், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது."

தெரியாதுதான். ஆனால் எந்த பிக்சல் எவ்வளவு மாறும் என்பதற்கு அந்த 90 எந்த உத்தரவாதமும் தராது. ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாக வெட்டி, அதிர்வெண்களாக மாற்றி, அங்கே தோராயப்படுத்துகிறது. அந்தப் பிழை பிக்சல்களுக்குத் திரும்பும்போது எங்கே குவியும் என்பது படத்துக்குப் படம் மாறும்.

அசலுக்கும் சுருக்கிய படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபெல்லில் சொல்லும் பிஎஸ்என்ஆர் அளவைப் பார்த்தால் போதுமே என்பார்கள்; எண் கூடக் கூடத் தரம் நல்லது. அது சராசரிக் கணக்கு. 512×512 படத்தில் 2,62,144 பிக்சல்கள். 0 முதல் 255 வரையிலான அளவில் நான்கே நான்கு பிக்சல் தலா 100 மாறிவிட்டது என்று வையுங்கள். பிஎஸ்என்ஆர் 56 டெசிபெல்லைத் தாண்டும். ரிப்போர்ட்டில் முதல் வகுப்பு. மார்பக எக்ஸ்ரேயில் ஒரு சுண்ணாம்புத் துகள் அந்த நான்கு பிக்சலில் இருந்திருந்தால்?

அதனால்தான் நான் ஜேபெக்-எல்எஸ் என்ற வேறொரு சுருக்கும் முறையின் பக்கம் போனேன். ஹெச்பி ஆய்வகத்தில் வைன்பெர்கர், செரூசி, சபீரோ மூவரும் உருவாக்கிய லோகோ-ஐ முறைதான் அதற்கு அடிப்படை. மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரநிலையான டைகாமிலும் அதற்கு இடம் உண்டு. அதில் 'நியர்' என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். 0 என்றால் இழப்பே இல்லை. 2 என்றால் எந்த பிக்சலும் 2-க்கு மேல் மாறாது.

பக்கத்து பிக்சல்களை வைத்து அடுத்ததை ஊகிப்பதுதான் வேலை. ஊகம் 100, உண்மை 107 என்றால் வித்தியாசம் 7. நியர் 2-க்குப் படி 5 (இரு பக்கமும் இரண்டிரண்டு, நடுவில் ஒன்று) என்பதால், 7 அருகிலுள்ள 5-க்கு இறங்கும்; பதிவாவது 105. சூட்சுமம் அதற்கடுத்து இருக்கிறது. அடுத்த பிக்சலை ஊகிக்க, கையிலேயே 107 இருந்தும் அதை எடுக்காமல் 105-ஐயே எடுக்கும். சுருக்கியதைத் திரும்பப் படமாக விரிக்கும் இடத்தில் 105 மட்டும்தானே இருக்கும்? இரு பக்கமும் ஒரே கணக்கு ஓடுவதால் பிழை வரிசையில் சேர்ந்து பெருகாது.

சிடி ஸ்கேனில் இதன் அருமை தெரியும். நியர் 2 என்றால், டாக்டர் வட்டம் போட்டு அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் எண்) சராசரியும், வட்டம் எங்கே இருந்தாலும், 2-க்கு மேல் நகராது. ஆனால் கான்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) கட்டிக்கு 10 என்பது முக்கியமான எல்லை. 11 என்பது 9 ஆனால் படிக்கும் விதமே மாறலாம். எனவே நியர் எவ்வளவு என்பதை ரேடியாலஜிஸ்டைக் கேட்டுத்தான் வைக்கிறேன்.

ஒருமுறை கேட்காமல் 10 வைத்துப் பார்த்தேன். வரம்பு மீறவில்லை, ஆனால் மென்மையான பகுதிகளில் படுக்கைக் கோடுகள் இழுத்துவிட்டன. மறுநாள் காலையிலேயே டாக்டரிடமிருந்து போன்.

இப்போதெல்லாம் புது மென்பொருள் வந்தால் முதலில் அசலையும் விரித்த படத்தையும் பிக்சல் பிக்சலாகக் கழித்து, மிகப் பெரிய வித்தியாசத்தைப் பார்க்கிறேன். ஒன்றில் நியர் 2 போட்டும் 5 வந்தது. தோண்டினால், வேறொரு சர்வரில் ஏற்கெனவே நியர் 3-இல் சுருக்கிய நகலைத்தான் அது மறுபடி சுருக்கியிருக்கிறது. டைகாம் கோப்பில் இழப்புள்ள படம் என்று சொல்லும் 0028,2110 டேகில் (தகவல் குறிக்கும் புலம்) "01" என்று ஒழுங்காகவே எழுதியிருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.