அம்மம்மாவின் பாட்டும் வயல் பம்பியும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மம்மா அருவி வெட்டு (நெல் அறுவடை) பாடலொன்றைப் பாடினார். கைத்தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்தேன். பிறகு போட்டுக் கேட்டால், வயலில் தண்ணீர் இறைத்த பம்பியும் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியும் முன்னே நிற்கின்றன. அம்மம்மாவின் குரல் எங்கோ பின்னால் கேட்கிறது. அவர் பாடியபோது பம்பிச் சத்தம் என் காதில் விழவேயில்லை. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நுண்ணிய நேர வேறுபாட்டைக் கொண்டு மூளை திசையைக் கண்டுபிடித்து, வேண்டிய குரலைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. ஒற்றை ஒலிவாங்கிக்கு அந்த வசதி கிடையாது. வந்து மோதும் அதிர்வுகள் அனைத்தையும் கூட்டி ஒரே அலையாக எழுதிவிடுகிறது.

ஆகவே இரைச்சலை நீக்கும் மென்பொருளைத் தேடுவதற்கு முன் தூரத்தைக் குறையுங்கள். வாயிலிருந்து புறப்படும் ஒலி பரவப் பரவ மெலியும்; தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளியிருந்த கைத்தொலைபேசியை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரலின் செறிவு 16 மடங்கு, அதாவது ஏறத்தாழ 12 டெசிபெல், கூடும். நூறு மீட்டருக்கு அப்பால் ஓடும் பம்பிக்கு அந்த முக்கால் மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. அதன் சத்தம் இருந்தபடியே இருக்கும். வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' சொல்லும்போது வெளிவரும் மூச்சு ஒலிவாங்கியில் அடிக்காது.

சீமெந்துச் சுவர் குரலைத் திருப்பி அனுப்பும். கொடியில் தொங்கும் தடித்த போர்வை அந்த எதிரொலியை விழுங்கும். ஆனால் பம்பியின் தாழ்ந்த உறுமலைப் போர்வையால் தடுக்க முடியாது: 100 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர்; அவ்வளவு நீண்ட அலைக்குப் போர்வையின் தடிப்புப் போதாது. விடியற்காலைதான் அமைதியான நேரம் என்று நினைக்கிறோம். அப்போது தரையோரக் காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து, ஏ9 வீதியில் போகும் லொறிகூட வீட்டுக்குள் கேட்கும். வெயில் ஏறினால் ஒலி மேல்நோக்கி வளைந்து தூரத்துச் சத்தம் தணியும்.

எஞ்சியதற்குத்தான் மென்பொருள். ஸ்டீவன் போல் (Steven Boll) என்ற ஆய்வாளர் 1979இல் விளக்கிய கழித்தல் முறை இன்றும் பல செயலிகளின் அடித்தளம். பேச்சில்லாத சில விநாடிகளை மாதிரியாகக் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று கணித்து, பதிவைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் அந்த அளவைக் கழிக்கும். மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். திடீரென்று கூவும் சேவலுக்குச் சரிவராது. அளவுக்கு மிஞ்சிக் கழித்தால் குரலும் சேர்ந்து தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

மறுநாள் நண்பகலில் மின்விசிறியை நிறுத்தி, கைத்தொலைபேசியை அம்மம்மாவின் தாடையருகே பிடித்து, ஐந்து விநாடி பேசாமல் இருக்கச் சொன்னேன். நான்காவது விநாடியில் "இனிப் பாடலாமோ?" என்று கேட்டுவிட்டார். அதற்கு முந்தைய மூன்று விநாடிகளே மாதிரிக்குப் போதுமாக இருந்தன. அந்தக் கேள்வியைப் பதிவிலிருந்து நான் வெட்டவில்லை.