முதல் மாதம் சிப்பாய் மட்டும் போதும்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும், நான் வகுப்பெடுக்கும் பள்ளிகளில் செஸ் கற்க வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மனசு நிறைந்தது. கூடவே பெற்றோரின் கேள்வியும் வந்தது: "சார், எப்ப ரேட்டிங் டோர்னமென்ட்டுக்கு அனுப்பலாம்?" ஆட்டக்காரர்களின் தரப்புள்ளியைக் கணக்கிடும் போட்டி அது. காய் நகர்த்தத் தெரிந்து மூன்று வாரம்கூட ஆகாத ஏழு வயதுப் பிள்ளைக்காகக் கேட்கிறார்கள்.

என் வகுப்பில் முதல் மாதம் பலகையில் சிப்பாய் மட்டும்தான். ஆளுக்கு எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கோடிக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி. நேராக நடந்து குறுக்கே வெட்டும் காய் அது ஒன்றுதான். இதைப் பழகவே சின்னப் பிள்ளைகளுக்கு நாள் பிடிக்கும். அடுத்து ராஜா, பிறகு யானை, மந்திரி, ராணி. தாவிப் போகும் குதிரை கடைசியில். பதினாறையும் முதல் நாளே அடுக்கிக் கொடுத்தால் பிள்ளை ராணியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடும். மற்ற காய்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நாலே நகர்த்தலில் எதிராளியின் ராஜாவைப் பிடித்து ஆட்டத்தை முடிக்கும் நாலு மூவ் மேட்டும் அப்படித்தான். எஃப்7 கட்டத்தில் இருக்கும் கறுப்புச் சிப்பாய்க்கு ஆரம்பத்தில் ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அங்கே ராணியும் மந்திரியும் சேர்ந்து பாய்ந்தால், புதிதாக ஆடுகிறவர்கள் விழுந்துவிடுவார்கள். யூடியூப்பில் பார்த்துவந்து இரண்டு வாரம் எல்லோரையும் ஜெயித்த பையன்களை எனக்குத் தெரியும். தடுக்கத் தெரிந்த ஒருவன் எதிரே உட்கார்ந்ததும் அடுத்து என்ன ஆடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

மார்க் ஏறுமா என்று கேட்கும் தலைமையாசிரியர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நூறு பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. செஸ் கற்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது கணக்கு மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. ஆர்மேனியாவில் 2011 முதல் தொடக்க வகுப்புகளில் செஸ் ஒரு பாடமாகவே இருக்கிறது. நம் பள்ளிகளில் அது பாடமாக இல்லாவிட்டாலும் விளையாட்டாக, அதற்குரிய மரியாதையோடு இருந்தால் போதும்.

தோல்வியைக் கையாளப் பழக்குவதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, தோற்றால் காய்களைக் கலைத்துவிட்டு அழுவாள். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. அவள் அம்மாவிடம், "ஒரு மாசம் அதைக் கேட்காதீங்கம்மா. இன்னைக்கு ஆடினதுல நல்ல மூவ் எதுன்னு கேளுங்க" என்றேன். அவளுக்கு நகர்த்தல்களை நோட்டில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கிப் பார்ப்போம். முதலில் நான்தான் தவறைக் காட்டவேண்டியிருந்தது.

போன வாரம் தோற்றுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். நோட்டில் பதினான்காவது மூவைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

"இங்கதான் சார், அவனோட குதிரையைப் பார்க்காம விட்டுட்டேன். அடுக்கிப் பார்க்கலாமா?"