ரத்தம் ஓடி வளர்க்கும் தமனி

கருவிலிருக்கும் சிசுவின் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் திரையில் சிவப்பும் நீலமும் மின்னத் தொடங்கியதும் பல தாய்மார்கள் கேட்பது இதைத்தான்: "நீலம் கெட்ட ரத்தமா டாக்டர்?" இல்லை. கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பாகவும், விலகிப் போவது நீலமாகவும் தெரியும், அவ்வளவுதான். அந்த நிறம் எங்கே நிறைந்து ஓடுகிறது, எங்கே மெலிகிறது என்பதில்தான் என் கண் இருக்கும். கருவில் ஒரு ரத்தக் குழாயின் வளர்ச்சி, அதில் ஓடும் ரத்தத்தைப் பொறுத்தது.

கோழிக்கருவின் நாளங்களைப் பார்த்து 1893இல் ரிச்சர்ட் தோமா என்ற ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் இதை எழுதிவைத்தார்: ஓட்டம் விரைவானால் குழாய் பருக்கும், மந்தமானால் சுருங்கும். குழாயின் உட்சுவர் செல்கள் தம்மை உரசிப் போகும் ரத்தத்தின் இழுப்பை உணர்கின்றன. எலிக்கருவில் சிவப்பணுக்களை ஓட்டத்தில் கலக்கவிடாமல் தடுத்தபோது நாளங்கள் ஒழுங்காகக் கிளைக்கவில்லை. ஸ்டார்ச் கரைசலைச் செலுத்தி ரத்தத்தைக் கெட்டியாக்கியதும் கிளைத்தன. ஸ்டார்ச் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. அது கூட்டியது உரசலை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயே பெருந்தமனி. கருவில் பெருந்தமனி வளைவுகள் இருபுறமும் சோடி சோடியாகத் தோன்றிப் பின்னர் பல மறைந்துபோகும். இதயத்தின் வெளிவாய் முறுக்கிக்கொள்வதால் ஆறாவது சோடியின் வலக்குழாய்க்கு ரத்தம் குறைந்து அது அழிகிறது என்று 2007இல் ஜப்பானின் ஹமாடா குழு எலிக்கருவில் காட்டியது. இடக்குழாயைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் வலப்பக்கம் திரும்பியது. அழிய வேண்டிய குழாய் நிலைத்துவிட்டது! முறுக்கு மரபணுவின் வேலை. எந்தக் குழாய் பிழைக்கும் என்பதை முடிவு செய்தது ஓட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன் 20 வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு எக்கோ, அதாவது சிசுவின் இதய ஸ்கேன், பார்த்தேன். சிசுவின் இதயத்தில் இடது கீழறை வலதைவிடச் சற்று ஒடுங்கியிருந்தது. வால்வுகள் நன்றாகத் திறந்து மூடின. பெருந்தமனி வளைவின் கடைசிப் பகுதியில் எந்தக் கருவிலும் இயல்பாகவே ஓட்டம் குறைவு. இரு கீழறைகளும் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் அவ்வழியே போகும். இடப்பக்கம் வரும் ரத்தம் இன்னும் குறைந்தால் அந்த இடம் வளராமல் தங்கிவிடக்கூடும். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன். அவர் வரவில்லை. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று நான் சொன்னது மட்டும் அவர் நினைவில் நின்றிருக்கிறது. என் வார்த்தையிலும் பிழை உண்டு.

பிறந்த ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்து, வெளிறிப்போய் வந்தது. கையில் நாடி துள்ளியது. தொடை இடுக்கில் விரல் வைத்தால் எதுவும் தட்டவில்லை. பெருந்தமனிக் குறுக்கம். கருவில் உடலின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் கொடுத்துவந்த டக்டஸ் என்னும் இணைப்புக் குழாய், பிறந்த சில நாட்களில் இயல்பாக மூடிக்கொண்டதும் குறுக்கம் வெளிப்பட்டுவிட்டது. அதை மீண்டும் திறக்க மருந்து, பிறகு அறுவை சிகிச்சை. குழந்தை தேறிவிட்டது.

"நான் மாடிப்படி ஏறியதாலா டாக்டர்?" என்று அந்தத் தாய் கேட்டார். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றேன். "அன்றே தெரிந்திருக்காதா?" என்பது அடுத்த கேள்வி. அன்று குறுக்கம் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டம் சற்றுக் குறைந்திருந்தது, அவ்வளவே. இத்தகைய வேறுபாடு தென்படும் குழந்தைகளில் பலர் எந்தக் குறையும் இல்லாமல்தான் பிறக்கிறார்கள். யார் அப்படி, யார் இப்படி என்பதை அடுத்தடுத்த ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். சில வேளைகளில் பிறந்த பிறகு பார்க்கும் எக்கோ.

இப்போதெல்லாம் மறு ஸ்கேன் தேதியை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே கையால் எழுதிக் கொடுக்கிறேன். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவருக்கும் ஒரு பிரதி போகிறது.