ஜெனு வேரம் – வில்லுக்கால்

மட்டக்களப்புப் பக்கம் கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுபோன தாய்மாரின் துண்டில் சிலவேளை 'ஜெனு வேரம்' என்று எழுதியிருக்கும். வாசிக்கப் பெரிய வருத்தத்தின் பெயர் போலிருக்கும். அது வருத்தமல்ல, காலின் வடிவத்துக்கு இட்ட பெயர். பாதங்களைச் சேர்த்து நிற்கையில் முழங்கால்கள் ஒன்றையொன்று தொடாமல் வெளிப்பக்கம் விலகி நின்றால் அது ஜெனு வேரம்.

'ஜெனு' இலத்தீனில் முழங்கால். வடமொழி 'ஜானு' அதற்கு உறவு. முழங்காலைத் தொடும் நீண்ட கையுடையவனை ஆஜானுபாகு என்கிறோமே, அந்த ஜானு. 'வேரம்'தான் வில்லங்கம். பழைய இலத்தீனில் 'வாருஸ்' என்றால் முழங்கால் உள்ளே முட்டுகிறவன், 'வல்குஸ்' என்றால் கால் வெளியே வளைந்தவன். பின்வந்த மருத்துவ வழக்கு இரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. இன்று வேரம் வெளிவளைவு, வால்கம் உள்முட்டு. மருத்துவம் படிப்பவர்களே மாற்றிச் சொல்லி முழிப்பார்கள்.

தமிழில் அந்தக் கரைச்சல் இல்லை. உள்ளே முட்டினால் முட்டுக்கால். வெளியே வளைந்தால் வில்லுக்கால் அல்லது வளைகால். இலக்கணப்படி வில்லும் காலும் சேர்ந்தால் 'விற்கால்'. காலை விற்கப்போவது போலத் தொனிப்பதால் வாயில் புழங்கும் வில்லுக்காலையே வைத்துக்கொள்ளலாம். வளைகால் வினைத்தொகை. வளைந்த, வளைகின்ற, வளையும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். பயந்திருக்கும் தாய்க்கு அந்த எதிர்காலம் எதற்கு? 'வில்லுக்கால் நோய்' என்று எழுதுவது சுத்தப் பிழை.

ஏனென்றால் கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த கால், பிள்ளை நடக்கத் தொடங்கும்போதும் அந்த வளைவோடுதான் இருக்கும். 2 வயதளவில் நேராகும். அதோடு நில்லாமல் 3, 4 வயதில் மறுபக்கம் போய் முட்டுக்காலாகி, 7 வயதளவில் சீராகும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயரும் பொருந்துகிற காலம் வரும். "இடுப்புல வெச்சுத் தூக்கித்தான் புள்ளைர கால் வளைஞ்சிரிக்கி" என்று பெத்தா (பாட்டி) சொல்வார். தூக்கியதாலும் வளைவதில்லை, பம்பஸ் கட்டியதாலும் வளைவதில்லை. எண்ணெய் பூசி உருவினாலும் நிமிராது. தானாக நிமிரும் வயதில் உருவுவதால் எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கிறது.

காலை வளைக்கும் நோய்களும் உண்டு, அவற்றுக்கு வேறு பெயர்கள். விற்றமின் டி குறைந்து என்பு மெதுமையாவது றிக்கற்ஸ், மணிக்கட்டும் தடித்திருக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்காலென்பின் மேல்முனையில் உட்புறம் சரியாக வளராதது பிளவுண்ட் நோய். வால்டர் பிளவுண்ட் 1937இல் விவரித்தது. ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, 2 வயதுக்குப் பிறகு வளைவு கூடினாலோ, பிள்ளை நொண்டினாலோ, மல்லாக்கப் படுக்கவைத்துக் கணுக்கால்களைச் சேர்த்துப் பிடிக்கையில் முழங்கால்களுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.