டெல்டா காற்றில் மகரந்தத்தை எண்ணுவது எப்படி?

காலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. தூசியா, புகையா, மகரந்தமா? காற்றில் மிதப்பதைப் பிடித்து எண்ணாமல் இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் பல நகரங்களில் ராக்வீட் செடியின் மகரந்தத்தை இப்படித்தான் எண்ணுகிறார்கள். அதே கருவியைத் தஞ்சாவூரில் ஒரு மொட்டைமாடியில் வைத்தால், ராக்வீட்டின் நெருங்கிய உறவான பார்த்தீனியமும் நெல், அருகம்புல், சீமைக்கருவேல மகரந்தங்களும் சிக்கும்.

கருவியின் பெயர் ஹர்ஸ்ட் பொறி. பயிர் நோய்ப் பூஞ்சைகளின் வித்துகளைப் பிடிக்க ஜே. எம். ஹர்ஸ்ட் உருவாக்கி 1952-இல் வெளியிட்டது. பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை, 14 மி.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் உள்ள பிளவு வழியாக உறிஞ்சும். உள்ளே சாவி கொடுத்த கடிகார விசையில் சுழலும் உருளை. அதன் மேல் பசை தடவிய நாடா. மணிக்கு 2 மி.மீ. நகர்வதால் ஒரு நாளின் காற்று 48 மி.மீ. நாடாவில் பதியும். வால் தகடு பிளவைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் காற்று சுழலும் என்பதால், பிளவு அந்தச் சுவரைவிட உயரமாக, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பது நல்லது.

நாடாவை நாள்வாரியாக வெட்டி ஸ்லைடில் வைத்து, ஃபுக்சின் என்ற சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லி ஊற்றி, கவர்ஸ்லிப் மூடி, 400 மடங்கில் பார்க்க வேண்டும். மகரந்தம் இளஞ்சிவப்பாகும், கரித்துகள் கருப்பாகவே நிற்கும். பார்த்தீனியம் ஏறக்குறைய 20 மைக்ரான், உடம்பெல்லாம் முள். புல் வகை மகரந்தம் வழவழப்பான உருண்டை. ஒரே ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு வளையம். கோரை பார்வைக்குப் புல்தான். மகரந்தமோ பேரிக்காய் வடிவம். நெல்லையும் அருகம்புல்லையும் இந்த நுண்ணோக்கியில் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. ‘புல் வகை’ என்று எழுதுவதே நேர்மை.

கணக்குக்கு வருவோம். பார்வை வட்டம் 0.5 மி.மீ. என்றால், ஸ்லைடின் நீளவாக்கில் நான்கு வரிசை பார்த்தால் 2 மி.மீ. அகலம் பார்த்தாயிற்று, மொத்த 14 மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு. அதில் 60 மகரந்தம் கிடைத்தால் நாடாவில் 420. ஒரு நாளில் உறிஞ்சிய காற்று 14.4 கன மீட்டர். வகுத்தால் கன மீட்டருக்கு 29.

டெல்டாவுக்கு இந்த நாள் சராசரி போதாது. நெல் பெரும்பாலும் முற்பகலில் பூக்கும். ஒரு பூ ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருந்து மூடிவிடும். அந்த 29-உம் இரண்டே மணி நேரத்தில் வந்திருந்தால், அப்போதைய அளவு 12 மடங்கு, அதாவது சுமார் 350. ஆகவே 4 மி.மீ.க்கு ஒரு குறுக்கு வரிசை பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு எண் எடுக்க வேண்டும். நெல் மகரந்தம் சில நிமிடங்களில் உயிர்ப்பை இழந்தாலும் ஒவ்வாமை தரும் புரதம் அதிலேயே இருக்கும். பெரும்பகுதி வயலை ஒட்டியே விழுந்துவிடுவதால், நகரத்து எண்ணை வயல் சூழ்ந்த ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. சம்பா பூக்கும்போது வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மழை நாளில் எண் விழும், வெயில் அடித்ததும் எழும்.

பிழைகள் சத்தமில்லாமல் வரும். நாடாவில் பசையாக வாஸ்லைன் தடவியிருந்தால், சித்திரை வெயிலில் அது இளகி மகரந்தத்தை இடம் மாற்றும். சிலிக்கான் பசை தாங்கும். பிளவில் சிலந்தி வலை கட்டி ஓட்டம் 8 லிட்டராகக் குறைந்தால், 14.4-ஆல் வகுக்கும் எண் 20 சதவீதம் குறைத்துக் காட்டும். ஆகவே வாரம் ஒருமுறை உருளை மாற்றும்போதே ஓட்டமானியை வைத்துப் பார்க்க வேண்டும்.

கரன்ட் போனால் பம்ப் நிற்கும், உருளை நிற்காது. இரண்டு மணி நேரத் தடைக்கு 4 மி.மீ. நாடா வெறுமையாகும், கணக்கில் 1.2 கன மீட்டர் கழிக்க வேண்டும். ஆனால் சம்பா பூக்கும் நாளில் 10 முதல் 12 வரை தடை என்றால் இந்தத் திருத்தம் உதவாது. உச்சமே பதிவாகவில்லை. அந்த நாளை ‘விடுபட்டது’ என்றே குறிக்க வேண்டும். பூக்கும் வாரங்களுக்காவது பம்ப்பை இன்வெர்ட்டரில் ஓட்டுவது நல்லது.