மனச்சோர்வுக்கு ஓ.பி. சீட்டு: யாருக்குத் தெரியும், பத்திரம் செல்லுமா, சம்பளம் போகுமா?

எங்கள் பக்கத்தில் மனச்சோர்வை அந்தப் பெயரில் யாரும் சொல்வதில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார்கள், ‘ரத்தம் கம்மி’ என்பார்கள், ‘கண்ணு பட்டுருச்சு’ என்பார்கள். அவிநாசிப் பக்கம் இருக்கும் என் சித்திக்கு மூன்று பெயரும் வைத்துப் பார்த்தாயிற்று. விடியற்காலை மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, பனியன் கம்பெனி வண்டியைப் பிடித்து, செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று, ராத்திரி வந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவார். அப்படிப்பட்ட மனுஷி ஒரு ஆடி மாதத்தில் கட்டிலை விட்டு எழவில்லை. மூணு மணிக்கே முழிப்பு. சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால், “ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா படுத்திருக்கறேன்” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

டானிக் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினோம். குணசீலம் கோயிலுக்கும் போய்வந்தோம். உள்ளூர் கிளினிக் டாக்டர் முதல் வாரமே “மனநல டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் மூன்று மாதம் ஓடியது. பணம் இல்லாமல் அல்ல. சித்தப்பாவுக்கு மூன்று பயம். வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருமா? நாளைக்குக் காட்டுப் பத்திரத்தில் (விவசாய நிலத்தைத்தான் இங்கே காடு என்போம்) கையெழுத்துப் போட்டால் செல்லுமா? லீவு போட்டால் சம்பளம்?

கொங்கு வீடுகளில் மனநல சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான் என்பது என் எண்ணம். மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது தெரியாமல்தான் நாங்கள் மூன்று மாதத்தைத் தொலைத்தோம்.

முதலில், சிகிச்சை எங்கே, எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவுப்படி, அரசு நடத்தும் அல்லது அரசு பணம் கொடுக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது நம் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எல்லாமே இலவசம், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும்கூட. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மாத்திரைகளோ அங்கே வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் இலவசம். இந்தியாவின் 2022 பட்டியலில் ஃப்ளுவாக்ஸிடின், எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் மூன்றும் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவதும் இந்த வகை மாத்திரைகளைத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில் அதன் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம், ஊட்டி என்று எண்ணிப் பார்த்தால் நம் பக்கத்தில் யாரும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இது தவிர மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதன் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட கிழமைகளில் வரும். எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டால் சொல்லிவிடுவார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், காட்டி மாத்திரை வாங்க அது தேவையில்லை.

நாங்கள் போன அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கினோம். பெயர், வயது, ஊர் அவ்வளவுதான். காசு கிடையாது. சீட்டு எழுதுபவர் மட்டும் “மெண்டல் ஓ.பி.யா?” என்று வரிசைக்கே கேட்கும்படி கேட்டார். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் பாதியில் திரும்பிப் போயிருப்பார்களோ. உள்ளே இருந்த டாக்டரம்மா அதற்கு நேர்மாறு. “தூக்கம் எப்படிங்கம்மா? விடியக்காலம் முழிப்பு வருதுங்களா? முன்னாடி பிடிச்சது எதாச்சும் இப்பப் பிடிக்குதுங்களா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, “செத்துப் போயிடலாம்னு தோணுதுங்களா?” என்றும் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி “ஆமாங்க” என்றார். மூன்று மாதத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நாமாகக் கேட்டால் அந்த எண்ணத்தை ஏற்படுத்திவிடுவோம் என்று பயந்தோம். அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் குறையும் என்றார் டாக்டர்.

ரத்தம் எடுத்து தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்கள். இவை சரியில்லாவிட்டாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார் என்பதால் அது இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மனச்சோர்வு என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இப்படிக் கிடந்தால் காட்ட வேண்டும் என்பது கணக்கு. அப்புறம் மாத்திரை. “ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாதுங்க. வேலை செய்யலைன்னு நிறுத்திப் போடாதீங்க” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். தூக்க மாத்திரை மாதிரி இதற்கு அடிமையாவோம் என்ற பேச்சு தவறு. ஆனால் நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் குறைத்துக் கொடுத்துத்தான் நிறுத்துவார்.

கவுன்சிலர் கொடுத்த வீட்டுப்பாடம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. வாசலில் சாணி தெளிப்பது மட்டும். அடுத்த வாரம், வேலியோரமாக வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருவது. பிடித்தால் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாதாம், செய்தால்தான் பிடிப்பு வருமாம். சித்தி ஒரு நாள் வாய்க்கால் போனார், மூன்று நாள் போகவில்லை, மறுபடி போனார். “போகாத நாளைப் பத்திப் பேசாதீங்க” என்று எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கென்ன குறைன்னு மட்டும் கேட்டுராதீங்க” என்றார்கள். அவர் அதைத்தான் மூன்று மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, அந்த மூன்று பயத்துக்கு வருவோம்.

யாருக்குத் தெரியும்? அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, சிகிச்சை விவரத்தை டாக்டரோ ஆஸ்பத்திரியோ வெளியில் சொல்லக் கூடாது. கம்பெனிக்காரர் கேட்டாலும் சரி, சம்பந்தம் பேச வந்தவர் தெரிந்த ஆள் மூலம் விசாரித்தாலும் சரி. விதிவிலக்குகள் குறைவு: சிகிச்சையில் பங்குள்ள மற்ற மருத்துவர்கள், நீங்களே நியமித்த பிரதிநிதி, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்ற நிலை, நீதிமன்றம் மாதிரியான இடத்தின் உத்தரவு. ஓ.பி. சீட்டு ஜன்னலில் சத்தம் போட்டுக் கேட்பது சட்டத்தின் மனசுக்கு விரோதம்தான். அங்கேயே அதைப் பணிவாகச் சொல்லலாம், கேட்காவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

கல்யாணம்? இதில் சட்டம் ஊர்வாயை அடைக்க முடியாது. ஆனால் மனநோய் என்ற பெயர் இருந்தாலே போதும், விவாகரத்து கிடைத்துவிடும் என்று பயமுறுத்துவது உண்மையல்ல. நோயின் தீவிரம் சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

பத்திரம் செல்லுமா? சித்தப்பாவை ரொம்பவே ஆட்டிவைத்தது இதுதான். அதே மனநலச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் பதில் நேராகவே இருக்கிறது: ஒருவருக்கு மனநோய் என்று டாக்டர் முடிவு செய்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், உரிய நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு. ஓ.பி. சீட்டைக் காட்டி யாரும் காட்டை எழுதி வாங்கிவிடவும் முடியாது, எழுதிக் கொடுத்ததைச் செல்லாது என்று தூக்கிப் போடவும் முடியாது. பங்காளிகளுக்குள் வழக்கு இருக்கும் வீடுகள் இந்த ஒரு பிரிவையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளம் போகுமா? இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். சித்தியின் சம்பளத்தில் ஒன்பது வருஷமாக ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறது. 400 ரூபாய் கூலிக்கு 3 ரூபாய், அதாவது 0.75 சதவீதம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். அட்டை பீரோவுக்குள் சேலைக்கு அடியில் கிடந்தது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும்தான் ஈஎஸ்ஐ என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஈஎஸ்ஐ டாக்டர் ‘ஓய்வு தேவை’ என்று சர்டிபிகேட் கொடுத்தால் நோய்க்காலப் பணம் கிடைக்கும். உடம்புக்கா மனசுக்கா என்று அதில் பேதமில்லை. தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. 400 ரூபாய் கூலிக்கு நாளைக்கு 280, 91 நாளுக்கு 25,480 ரூபாய். அதற்கு முன்னால் உள்ள ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பிடித்தம் இருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது.

பெரும்பாலோருக்குத் தெரியாத இன்னொன்று, நீடித்த நோய்க்காலப் பணம். ஈஎஸ்ஐ வைத்திருக்கும் 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு மனநோய்களும் இருக்கின்றன. அதில் ‘எண்டோஜீனஸ் டிப்ரஷன்’ என்ற பெயரில் கடுமையான மனச்சோர்வும் வருகிறது. இதற்கு 80 சதவீதம் கூலி, இரண்டு வருஷம் வரை நீட்டலாம். இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்த நாலு அரையாண்டில் 156 நாளாவது பிடித்தம் இருக்க வேண்டும். லேசான சோர்வுக்கெல்லாம் இது வராது, மனநல நிபுணர் நோயின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். நம் பக்கத்துக்குப் பெரியது சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ. நோய்க்காலப் பணம் வாங்கும் நாட்களில் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

சித்தி சர்டிபிகேட் இல்லாமல் படுத்திருந்த மூன்று மாதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அப்புறம் எடுத்த நாட்களுக்குத்தான் வந்தது. ஆக, யாராவது படுத்துவிட்டால் முதல் வேலை அந்த அட்டையைத் தேடி எடுப்பது. தறி ஓட்டுபவர்கள், வீட்டில் பிசிர் வெட்டுபவர்கள் மாதிரி பிடித்தம் இல்லாத ஆட்களுக்கு இந்த வழி இல்லை. அது பெரிய குறைதான்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உடல்நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. காப்பீட்டு ஆணையமும் 2018-ல் கம்பெனிகளுக்கு அதை எழுதிவிட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும்.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே தயக்கம் என்றால் 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. முதலில் கவுன்சிலர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார். 104-லும் பேசலாம்.

வீட்டில் ஒருவர் ‘இருந்து என்ன ஆகப்போகுது’ என்று பேச ஆரம்பித்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்துகளைப் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் 108. தற்கொலைக்கு முயன்றவர் மேல் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிறார்கள், அதனால் சரியான சிகிச்சை தாமதமாகிறது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. என்ன நடந்தது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

சித்தி இப்போது மாதம் ஒரு தடவை போகிறார். ஓ.பி. சீட்டை ஈஎஸ்ஐ அட்டையோடு சேர்த்து ரேஷன் கார்டு கவரில் வைத்திருக்கிறார். மாத்திரை தீர நாலு நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். ஒரு தடவை பண்டிகை லீவில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் தலைசுற்றிக் கிடந்தார், அதிலிருந்து இந்தப் பழக்கம். போன மாதம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் இவரே போய், “எந்த ஊருங்க அம்மிணி? முதல் தடவையா வர்றீங்க?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.